பழமைத் தோற்றச் சுவர்ப்பூச்சில் எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

உட்புறச் சுவரில் காலம் படிந்த தோற்றத்தை வண்ணத்தால் உருவாக்குவது ஒரே பூச்சில் முடிகிற வேலை அன்று. காரையின் உறிஞ்சும் தன்மையை அடக்கும் பிரைமர், மேடுபள்ளம் தரும் சாந்து, அதற்கு மேல் அடிநிறம், அடிநிறத்தை உள்ளிருந்து மங்கலாகக் காட்டும் கிளேஸ், இவற்றையெல்லாம் காக்கும் வார்னிஷ் என்று பல படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. கோளாறு கண்ணில் படுவது மேற்படலத்தில்தான்; அது பிறந்த இடமோ பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். மேலே இன்னொரு முறை பூசி மறைத்துவிடலாம் என்னும் எண்ணமே இவ்வேலையில் மிகுந்த சேதம் செய்கிறது. பூசப் பூசப் பள்ளங்கள் நிரம்பி, கிளேஸின் ஒளி ஊடுருவும் தன்மை போய், பழமையின் ஆழம் இருக்க வேண்டிய சுவரில் வெறும் அழுக்கு நிறமே எஞ்சும். ஆகவே கோளாறு எந்தப் படலத்தைச் சேர்ந்தது என்று முதலில் கண்டறிந்து, அந்தப் படலம் வரை இறங்கிச் சரிசெய்வதே முறை.

அதைக் கண்டறிய மூன்று எளிய சோதனைகள் போதும். முதலாவது, அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளியைச் செலுத்துவது. நிறத்தில் உள்ள குறை எது, மேடுபள்ளத்தில் உள்ள குறை எது என்பது அப்போது பிரிந்து தெரியும். இரண்டாவது, ஒரு துளி நீரைச் சுவரில் வைத்துப் பார்ப்பது. துளி உடனே உள்ளே போனால் அந்தப் பரப்பு அதிகமாக உறிஞ்சுகிறது. முத்துப்போல் திரண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ மிகுந்த பளபளப்போ அங்கே இருக்கிறது. மூன்றாவது, கூரிய பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல்கள் இட்டு, அதன்மேல் ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுப்பது. நாடாவோடு வருகிற துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எந்தப் படலம் எதைப் பிடிக்காமல் விட்டது என்பது தெரிந்துவிடும். இனி வரும் அறிகுறிகள் சிலவற்றில் இந்தச் சோதனைகள் நேரடியாகக் கைகொடுக்கும்.

கிளேஸ் பூசிய சுவரில் பட்டை பட்டையாகக் கருங்கோடுகள் தெரிகின்றன

மிக அதிகமாக நேரும் கோளாறு இது. ஒரு பகுதியில் பூசிய கிளேஸின் ஓரம் காய்ந்துவிட்ட பிறகு அடுத்த பகுதியைத் தொடங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் கிளேஸ் இரட்டிப்பாகிக் கோடாக நின்றுவிடும். துணியாலோ ஸ்பாஞ்சாலோ பிறகு எவ்வளவு ஒற்றினாலும் அந்தக் கோடு போகாது. ஓரத்தை ஈரம் குறையாமல் வைத்திருப்பதுதான் இதற்குத் தீர்வு. அது பூசுபவரின் வேகத்தை மட்டும் சார்ந்ததன்று.

முதலில் கிளேஸின் கலவையைப் பார்க்க வேண்டும். எமல்ஷன் என்னும் நீர் சார்ந்த சுவர் வண்ணத்தில் வெறும் தண்ணீரைச் சேர்த்து நீர்க்கச் செய்தால் நிறம் மெலியுமே தவிர, காயும் நேரம் போதிய அளவு நீளாது. ஒரு பங்கு எமல்ஷனுக்கு நான்கு பங்கு கிளேஸ் மீடியம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. அந்த மீடியம்தான் படலத்தை நெடுநேரம் ஈரமாகவும் இழுத்துப் பரப்பக்கூடியதாகவும் வைத்திருக்கிறது. அடுத்து அடிநிறத்தைப் பார்க்க வேண்டும். பளபளப்பே இல்லாத முழு மேட் வகை எமல்ஷன் கிளேஸில் உள்ள நீரை உறிஞ்சிவிடும் என்பதால், அடிநிறத்துக்கு இலேசான மினுமினுப்புள்ள சாட்டின் வகையே பொருந்தும். மூன்றாவதாக அறையின் காற்று. மின்விசிறியை நிறுத்தி, வெயில் நேரடியாக விழும் ஜன்னலைத் திரையிட்டு மறைத்தாலே பெரிய வேறுபாடு தெரியும்.

இவை சரியாக இருந்தும் கோடு விழுந்தால், பூசும் ஒழுங்கை மாற்ற வேண்டும். சுவரைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு பூசாமல், கரை ஒழுங்கற்ற திட்டுகளாக, ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் பூசி, ஓரத்தில் ஒரு சாண் அகலத்தை ஒற்றாமல் ஈரமாகவே விட்டு, அடுத்த திட்டை அந்த ஈரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இருவர் சேர்ந்து, ஒருவர் பூச, மற்றவர் பின்னாலேயே ஒற்றிக்கொண்டு வருவது மிகச் சிறந்த ஏற்பாடு. பாதியில் கைகளை மாற்றிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் ஒவ்வொருவரின் அழுத்தமும் தனி. ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட கோட்டைப் போக்க, அது நன்கு காய்ந்த பின் 220 எண் உப்புத்தாளால் கோட்டை மட்டும் மெல்லத் தேய்த்து, அடிநிறத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் எடுத்து அதன்மேல் சிதறலாகத் தொட்டு, காய்ந்ததும் மிக மெல்லிய கிளேஸால் அந்தச் சுவர் முழுவதையும் ஒருமுறை போர்த்தலாம். கோட்டின் மேல் மட்டும் கிளேஸ் பூசினால் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் தெரியும்.

எண்ணெய் சார்ந்த கிளேஸைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி காயும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. சுருட்டிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றக்கூடும். ஒற்றிய துணிகளை வெளியிடத்தில் தனித்தனியாக விரித்து முழுதும் உலரவிட வேண்டும், அல்லது மூடியுள்ள உலோகக் கலத்தில் நீருக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

சில இடங்கள் மட்டும் திட்டாகக் கருத்துவிட்டன

கோடாக இல்லாமல் உள்ளங்கை அளவில் ஆங்காங்கே கருமை தெரிந்தால், அங்கே நீர்த்துளிச் சோதனை செய்து பாருங்கள். துளி உடனே மறைந்தால், ஆணித்துளையையோ வெடிப்பையோ பட்டி வைத்து அடைத்த இடம் அது. பட்டிக்கு மேல் பிரைமர் விடுபட்டுப் போயிருக்கும். பட்டி, சுற்றியுள்ள பழைய வண்ணத்தைவிடப் பலமடங்கு உறிஞ்சுவதால் நிறமியை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்துக்குப் பிரைமர் அடித்து, அடிநிறத்தை இருமுறை பூசிவிட்டுத்தான் மறுபடி கிளேஸுக்கு வர வேண்டும். சொரசொரப்புச் சாந்தின் மேலும் இதே விதிதான்: சாந்து காய்ந்ததும் முழுப் பரப்புக்கும் பிரைமர் இல்லாமல் நிறம் போகக் கூடாது.

கிளேஸ் சுவரைப் பிடிக்காமல் ஆங்காங்கே விலகித் திரள்கிறது

அடியில் பழைய எனாமல் பெயின்ட், சமையல் புகையின் பிசுக்கு, மெழுகு ஆகியவற்றில் ஒன்று இருக்கிறது. கிளேஸ் ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்துவிட்டு, சோப்பு நீரால் கழுவி, சோப்பு போக நல்ல நீரால் மீண்டும் கழுவி உலரவிட்டு, 180 எண் உப்புத்தாளால் பளபளப்பை அடக்கித் தூசியைத் துடைத்த பின், பிடிமானத்துக்கென்றே விற்கப்படும் பிரைமரைப் பூசித் தொடங்க வேண்டும்.

கிராக்கிள் மீடியம் பூசியும் வெடிப்பு விழவில்லை, அல்லது மேற்பூச்சு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது

வெடிப்பு எப்படி விழுகிறது என்பது விளங்கினால் இந்தக் கோளாறு பாதி தீர்ந்துவிடும். பழஞ்சுவரின் வெடிப்பை வேண்டுமென்றே உண்டாக்க, அடிநிறத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையில் பூசப்படுவது கிராக்கிள் மீடியம். அது மேற்பூச்சுக்கு உறுதியான பிடிமானம் தராத ஒரு மெத்தையான படலம். அதன்மேல் பூசிய எமல்ஷன் வேகமாகக் காய்ந்து சுருங்கும்போது, கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் இழுபட்டுக் கிழிகிறது. அந்தக் கிழிசலின் வழியே அடிநிறம் தெரிகிறது. ஆகவே மீடியம் முற்றிலும் இறுகிப் போனாலும் வெடிக்காது. இன்னும் நீராகவே இருந்தால் மேற்பூச்சு அதனோடு கலந்து வழுக்கி இறங்கும். விரல் நுனியால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. பெரும்பாலான வகைகளுக்குச் சரியான பதம் அதுவே. முழுதும் காய்ந்த பின் பூச வேண்டிய வகைகளும் உண்டு என்பதால், டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள நேரத்தை முதலில் படித்துவிட வேண்டும்.

வெடிப்பு விழாமைக்கு மிகப் பொதுவான இன்னொரு காரணம், பூசிய இடத்தில் தூரிகையை மறுபடி ஓட்டுவது. மேற்பூச்சைத் தூரிகையில் நிறைய எடுத்து ஒரே இழுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சில நிமிடங்களில் வெடிப்புகள் திறக்கத் தொடங்கும். அப்போது ஒரு முறை தொட்டாலும் அவை மூடிக்கொள்ளும். மேற்பூச்சு நீர் சார்ந்த மேட் எமல்ஷனாக இருப்பது நல்லது. நீண்டு வளையக்கூடிய, ரப்பர்த் தன்மை மிகுந்த உயர்தரக் கழுவத்தக்க எமல்ஷன்கள் கிழியாமல் நீண்டுகொடுத்துவிடுவதால், இந்த ஒரு வேலைக்கு எளிய வகையே ஏற்றது என்பது என் கருத்து.

வெடிப்பின் அளவையும் போக்கையும் நாம் ஓரளவு ஆள முடியும். மீடியம் கெட்டியாகப் பூசப்பட்டால் அகலமான வெடிப்புகளும், மெல்லியதாக இருந்தால் மயிரிழை வெடிப்புகளும் வரும். தூரிகையால் பூசினால் இழுத்த திசையிலேயே நீள நீளமாக வெடிக்கும். ஸ்பாஞ்சாலோ சிறு ரோலராலோ வைத்தால் வலைப்பின்னலாக வெடிக்கும். முழுச் சுவரிலும் வெடிப்பு இருந்தால் அது இயற்கையாகத் தோன்றாது என்பதால், மீடியத்தைத் திட்டுத் திட்டாக மட்டும் வைத்து, மேற்பூச்சை எல்லா இடத்திலும் பூசுவதே சிறந்தது.

தவறிய பகுதியின் மேலேயே மீண்டும் மீடியம் பூச வேண்டாம். ஈரமாக இருந்தால் பட்டித் தகட்டால் வழித்தெடுத்துத் துடைக்கலாம். காய்ந்திருந்தால் உப்புத்தாளால் மட்டமாக்கி, பிரைமரால் அடைத்து, அடிநிறத்திலிருந்து தொடங்க வேண்டும். மீடியம் நீரில் மறுபடி இளகும் தன்மையுள்ளது என்பதால், வெடிப்பு நன்றாக வந்த சுவரிலும் வார்னிஷின் முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். எண்ணெய் சார்ந்த வார்னிஷைச் சில தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுவே.

சொரசொரப்புச் சாந்தில் வேண்டாத வெடிப்புகள் விழுகின்றன

காய்ந்து இறுகும் ஆயத்தச் சாந்துகள் நீரை இழக்கும்போது சுருங்குகின்றன. ஒரே முறையில் கெட்டியாக அப்பினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது பின்னர் சுருங்கி, மேல்தோலைக் கிழித்துவிடும். ஒரு முறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஆழம் வேண்டிய இடங்களில் இரண்டு மூன்று முறையாகக் கட்டுவதே பாதுகாப்பு. ஜிப்சம் அடிப்படையிலான, வேதிவினையால் இறுகும் சாந்து இதைவிடக் குறைவாகச் சுருங்கும். ஆனால் ஈரம் ஏறும் சுவருக்கு அது ஆகாது.

வெடிப்பு திட்டாக இல்லாமல் நீளமாக ஒரே கோட்டில் ஓடினால், அது சாந்தின் குறையன்று. சுவரின் இரண்டு பொருள்கள் சேரும் மூட்டு, அல்லது அசைந்துகொண்டிருக்கும் பழைய வெடிப்பு அதன் கீழே இருக்கிறது. அதைக் கீறித் திறந்து, வலை நாடா ஒட்டிப் பட்டியிட்டால்தான் நிற்கும். சிறு சுருக்க வெடிப்புகளோ பழமைத் தோற்றத்துக்குத் துணையே; சாந்து சுவரை உறுதியாகப் பிடித்திருக்கிறதா என்று விரல் கணுவால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி இல்லை என்றால் பிரைமர் பூசி அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பூச்சு தகடு தகடாகப் பெயர்கிறது

பெயர்ந்த துண்டின் பின்பக்கம் மாவுபோல் வெண்மையாக இருந்தால், பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் மேல் நேரடியாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். மாவு உதிரும் பரப்பை எந்தப் பூச்சாலும் பிடித்துக்கொள்ள முடியாது. பெயரக்கூடிய அனைத்தையும் சுரண்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, ஊடுருவி இறுக்கும் வகைப் பிரைமரைக் கொடுக்க வேண்டும். பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் அடியில் எனாமல் இருக்கிறது. அதைச் சொரசொரப்பாக்காமல் விட்டதே காரணம்.

மிகப் பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அத்தகைய சுவரை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு மிகப் பெரிய தீங்கு. முதலில் ஈயம் உண்டா என்று சோதித்து, இருந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

சுவரில் உப்புப் பூக்கிறது, கொப்புளம் எழுகிறது

இது வண்ண வேலையே அன்று; ஓதம் ஏறுகிறது. ஒரு பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். முதல் நிலையில் குழாய்க் கசிவு, கூரை, அடித்தளம் ஆகியவற்றைச் சரிசெய்து சுவர் காயும்வரை பூச்சு வேலையைத் தொடவே கூடாது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். நீரால் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும். புதிய சிமென்ட் காரை என்றால் குறைந்தது 28 நாள் பொறுத்திருப்பது வழக்கம். அதன் காரத்தன்மை தணியாத நிலையில் எண்ணெய் வண்ணம் சோப்பாக மாறிப் பிசுபிசுக்கும்.

சுண்ணாம்புப் பூச்சு கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது

பழமைத் தோற்றத்துக்குச் சுண்ணாம்பை மிஞ்சிய பொருள் இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை எமல்ஷன்போல் நடத்தக் கூடாது. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தின் துணையோடு ஏற்று, மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. ஈரம் சட்டென்று போய்விட்டால் அந்த மாற்றம் பாதியில் நின்று, உதிரும் தூளாகவே தங்கிவிடும். எனவே பூசுமுன் சுவரை நீர் தெளித்து ஈரமாக்க வேண்டும், பால் பதத்தில் மெல்லியதாகப் பல முறை பூச வேண்டும், வெப்பமான நாளில் பூசிய பின்னும் நுண்துளியாக நீர் தெளிக்க வேண்டும். நிறமி மிகுந்தாலும் உதிரும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், மஞ்சள் காவி, செங்காவி போன்ற காரத்தைத் தாங்கும் மண் நிறமிகளை மட்டுமே சேர்க்க வேண்டும்.

எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே மணல் துகள் கலந்த கனிமப் பிரைமர் இடையில் வேண்டும். ஈரமாக இருக்கும்போது நிறம் கருத்தும் மெலிந்தும் தெரிவதைப் பார்த்து மேலும் மேலும் பூசிவிடுவதும் ஒரு பொதுவான தவறு. காய்ந்த பிறகே அது வெளுத்து நிறைவடையும். சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும் அளவு காரமுள்ளது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தலைக்கு மேல் பூசக் கூடாது.

தேய்வுத் தோற்றத்துக்காகத் தேய்த்தால் வெள்ளைப் பட்டி தெரிகிறது

அடிநிறம் ஒரே முறை பூசப்பட்டிருக்கிறது, அல்லது உப்புத்தாள் முரடானது. வெண்மை தெரிந்த இடங்களில் அடிநிறத்தைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்தாலே போதும். தொடக்கத்திலேயே இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு: தேய்வு தெரிய வேண்டிய இடங்களில் மட்டும், காய்ந்த அடிநிறத்தின் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மேல்நிறத்தைப் பூசினால், காய்ந்ததும் பட்டித் தகட்டால் மெல்லச் சுரண்டும்போது அந்த இடங்களில் மேல்நிறம் மட்டும் உதிர்ந்து வரும். மெழுகின் எச்சத்தைத் துடைத்தெடுத்த பிறகே வார்னிஷ்.

எல்லாப் படலமும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் சுவர் பழையதாகத் தெரியவில்லை

தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லாத இந்த நிலைதான் சரிசெய்யக் கடினமானது. ஒரு நல்ல பழைய சுவரை நெடுநேரம் பார்த்திருந்தால் ஒன்று புலப்படும்: முதுமை எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. கை படும் உயரத்தில், சுவிட்சைச் சுற்றி, நாற்காலியின் முதுகு உரசும் மட்டத்தில் தேய்வு இருக்கும். ஜன்னலுக்குக் கீழே நீர் வழிந்த சாயல் இருக்கும். வெயில் படும் பகுதி வெளுத்து, நிழலான மூலை பழைய நிறத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தூசி பள்ளத்தில் தங்கும், மேடு துடைபட்டு ஒளிரும். இந்தக் காரண ஒழுங்கு இல்லாமல் சுவர் முழுவதும் சீராகக் கறை வைத்தால், அச்சிட்ட தாளை ஒட்டியதுபோல் இருக்கும்.

முதலில் அறையின் எதிர்ச் சுவர் வரை பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே வடிவம் திரும்பத் திரும்பத் தெரிந்தால், ஸ்பாஞ்சைத் திருப்பாமல் ஒற்றியிருக்கிறோம். இயந்திரத்தில் வெட்டிய ஸ்பாஞ்சின் நேர் ஓரங்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஒற்றுக்கும் மணிக்கட்டைத் திருப்பி வைக்க வேண்டும். நிறங்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டால், அடிநிறத்துக்கும் கிளேஸுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகுந்துவிட்டது. பால் வெள்ளையில் நீர்த்த அடிநிறத்தை ஒரு மெல்லிய திரையாகப் போர்த்தினால் இரண்டும் நெருங்கிவரும். கருமைக்குக் கறுப்பு நிறத்தைச் சேர்ப்பதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். அது நிறத்தைக் கொன்று சாம்பலாக்கிவிடும். அம்பர் (umber) என்னும் மண் நிறமியின் பழுப்பும் காவியும் தருகிற கருமையில் வெப்பம் இருக்கிறது.

மேடுபள்ளம் தட்டையாகத் தெரிந்தால், கருமையான கிளேஸைப் பூசி உடனே துணியால் மேடுகளை மட்டும் துடைத்துவிட்டு, மறுநாள் அடிநிறத்தைவிடச் சற்று வெளுத்த நிறத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் எடுத்து மேடுகளின் முதுகை மட்டும் வருடுங்கள். இதையெல்லாம் முதலில் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் செய்து, அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்து, பகல் ஒளியிலும் இரவு விளக்கிலும் பார்ப்பது கட்டாயம். மஞ்சள் விளக்கில் இனிய பழுப்பாகத் தெரிந்தது பகலில் சேற்று நிறமாக மாறுவதுண்டு.

வார்னிஷ் பூசியதும் சுவர் பால்போல் மங்கிவிட்டது, அல்லது பளபளப்புத் திட்டுகள் தெரிகின்றன

நீர் சார்ந்த வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது வெண்மையாகத் தெரிவது இயல்பு. ஒரு நாள் கழித்தும் தெளியாவிட்டால், கிளேஸில் ஈரம் இருக்கும்போதே பூசியிருக்கிறோம், அல்லது பள்ளங்களில் வார்னிஷ் குளமாகத் தேங்கியிருக்கிறது. காற்றோட்டம் தந்து சில நாள் பொறுத்தால் பல நேரங்களில் தானாகவே தெளியும். தெளியாத பள்ளங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, கிளேஸைத் தொட்டு வைத்துச் சீராக்க வேண்டும். பளபளப்புத் திட்டுகளுக்குக் காரணம், மேட் வார்னிஷின் அடியில் படிந்திருக்கும் மங்கலாக்கும் துகளைக் கலக்காமல் பூசியது. டப்பாவைக் குலுக்கினால் நுரை எழும் என்பதால், தட்டையான குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்கி, வேலையின் நடுவிலும் இடையிடையே கலக்கிக்கொண்டு, மூலையிலிருந்து மூலைவரை மீண்டும் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்தால் திட்டுகள் அடங்கும்.

நாளடைவில் மஞ்சளாகும் எண்ணெய் வார்னிஷை வெளிர் நீலம், சாம்பல் போன்ற குளிர்ந்த நிறங்களின் மேல் பூசக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் வார்னிஷ் எதுவுமே வேண்டாம். அதன் மூச்சை அடைத்தால் அடியிலுள்ள ஈரம் பூச்சைத் தள்ளிவிடும். கை அதிகம் படும் உயரத்தில் மட்டும், சுண்ணாம்பு பல வாரங்கள் முற்றிய பிறகு, நீர்த்த கறுப்புச் சோப்பையோ (ஆலிவ் எண்ணெயில் செய்யும் மென்மையான சோப்பு) மெல்லிய தேன்மெழுகையோ துணியால் தேய்த்துவிட்டால் போதிய காப்பு கிடைக்கும்.